கழுவிக் காயவைத்த கிளாரினெட்

தசராவைப் பற்றி நம் வயதுக்காரர்கள் நீங்கள் யார் வாயைத் திறந்தாலும் யானையில்தான் ஆரம்பிக்கிறீர்கள். அம்பாரி, தீவட்டி, குதிரைப்படை, மகாராஜாவின் தலைப்பாகை. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நானும் மைசூரில் பிறந்து வளர்ந்தவள்தான். யானையை நானும் பார்த்தேன். ஆனால் எனக்கு ஒன்பது வயதானபோது வந்த தசரா ஒரு கிளாரினெட்டால்தான் என் நினைவில் நிற்கிறது. அதைச் சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

அப்பா ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. வடாற்காட்டுப் பக்கத்திலிருந்து உத்தியோகத்துக்காக வந்தவர். வேட்டிக்கு மேல் கோட்டு, தலையில் தொப்பி, கையில் குடை. தன்னைப் புதுக்காலத்து மனிதர் என்று சொல்லிக்கொள்வார். பொதுக்கூட்டத்தில் யார் பக்கத்தில் வேண்டுமானாலும் உட்காருவேன் என்று அம்மாவிடம் அடிக்கடி சொல்வார். அம்மா பாட்டுக்குக் குழம்பைக் கிளறிக்கொண்டிருப்பாள். அண்ணன் எனக்கு ஐந்து வயது மூத்தவன்.

அண்ணன் படித்த ஹைஸ்கூலில் அந்த வருஷம் பேண்டு தொடங்கினார்கள். தலைமை ஆசிரியருக்கு ஆசை நிறைய இருந்தது, வாத்தியம்தான் ஒன்றுகூட இல்லை. சந்தைக்குப் பின்னால் இருந்த வாத்தியக் கடைக்காரர்தான் கொடுத்து உதவினார். அவர் பெங்களூர் தண்டு, அதாவது கண்டோன்மென்ட் பக்கத்துத் தமிழர், பட்டாளத்து பேண்டில் வெகுகாலம் ஊதிவிட்டு மைசூருக்கு வந்து கடை போட்டவர். கல்யாண ஊர்வலங்களுக்கு பேண்டு வாத்தியங்களை வாடகைக்கு விடுவார். ஆடியிலும் புரட்டாசியிலும் முகூர்த்தம் ஏது? ஆவணிக்குப் பாதி செட்டே போதும். மீதி வாத்தியங்கள் சும்மா கிடக்கும். சும்மா கிடந்தால் மைசூர்ச் சாரலில் பூஞ்சை பிடிக்கும், தோல் உப்பும், விரலால் அழுத்துகிற சாவிகள் இறுகிப் போகும். அதனால் ஒரு செட்டை ஆடி முதல் தசரா முடிய வாடகை வாங்காமல் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார். சனிக்கிழமைதோறும் ஒரு தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்து, எது இறுகியிருக்கிறது, எது கழன்றிருக்கிறது என்று பார்ப்பார். ஊதக் கற்றுக்கொடுத்தது டிரில் மாஸ்டர். அவருக்குத் தெரிந்ததைவிடப் பையன்களுக்குச் சீக்கிரமே அதிகம் தெரிந்துவிட்டது என்பது வேறு கதை.

தலைமை ஆசிரியர் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். இரவல் பொருளைக் கவனக்குறைவால் கெடுத்தவனுக்கு பேண்டில் இடமில்லை. தகப்பனார்கள் கடைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வாத்தியத்தை வாங்கிவர வேண்டும்.

அப்பா கையெழுத்துப் போடப் போனபோது அண்ணனோடு நானும் ஒட்டிக்கொண்டு போனேன். கடையின் முன்பக்கம் ஹார்மோனியங்கள், கொக்கியில் தொங்கும் பிடில்கள், கிராமபோன் ஊசி போட்டு விற்கும் சின்னச் சின்னத் தகர டப்பாக்கள். அந்த டப்பாக்களை இப்போது எங்கேயும் காணோம். மூடியில் ஒரு நாய் படமோ பூப்படமோ இருக்கும், நான் காலி டப்பா ஒன்றைக் கேட்டு வாங்கிப் பல்லாங்குழிச் சோழிகளைப் போட்டு வைத்திருந்தேன். கடையின் பின்பக்கத்தில் தோல், பித்தளை, மண்ணெண்ணெய் எல்லாம் கலந்த வாடை. கடைக்காரர் ஒரு கறுப்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே தேய்ந்துபோன நீல வெல்வெட்டில் ஐந்து துண்டுகளாக கிளாரினெட் படுத்திருந்தது.

ஐந்தையும் திருகிச் சேர்த்தார். பிறகு தன் வாயில் வைத்து ஊதினார். ஒரு சின்ன மெட்டு, மேலே போய்க் கீழே வந்து நின்றது. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வாயிலிருந்து எடுத்து, தோளில் கிடந்த துணியால் வாய்த்துண்டைத் துடைத்து அண்ணனிடம் நீட்டினார்.

"ஊதிக் காட்டாம நான் யாருக்கும் குடுக்க மாட்டேன் சார்," என்றார் அப்பாவிடம். "நல்லாத்தான் கீதுன்னு நீங்க காதால கேட்டுட்டீங்க. நாளைக்குப் பேச்சு வரக் கூடாது பாருங்க."

அண்ணன் வாங்கி அங்கேயே ஊதினான். பீச்சென்று ஒரு சத்தம் வந்தது. கடைக்காரர் சிரிக்கவில்லை.

"தம்பிக்கு உதடு நல்லா கீது. ஒரு மாசத்துல வந்துரும்," என்றார். அப்பா அவரிடம் கை குலுக்கினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "கை குலுக்கினேன் பாத்தியா? இதுதான் மரியாதை" என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஒரு மாதம் அந்தத் தெருவே பட்ட பாடு இருக்கிறதே! அண்ணன் கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து ஊதுவான். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஏன்ரீ, மனேலி நரி சாக்கித்தீரா?" என்று கேட்டாள். வீட்டில் நரி வளர்க்கிறீர்களா என்று! அம்மா சிரித்துவிட்டாள். அண்ணன் கோபித்துக்கொண்டு அதற்குப் பிறகு ஏரிக்கரைக்குப் போய் ஊத ஆரம்பித்தான். ஆவணி பிறப்பதற்குள் நரி போய்விட்டது. கடைக்காரர் சொன்னது சரியாகத்தான் இருந்தது, அண்ணனுக்கு வந்துவிட்டது. தசராப் பொருட்காட்சி மைதானத்தில் ஒரு மாலை பள்ளிக்கூட பேண்டு வாசிப்பதாக ஏற்பாடு. அதில் ஓரிடத்தில் மற்றவர்கள் எல்லோரும் நிறுத்திவிட, கிளாரினெட் மட்டும் தனியாக வரும். அந்த இடம் அண்ணனுடையது. சோறு சாப்பிடும்போதுகூட அதைத்தான் முணுமுணுப்பான். பள்ளிக்கூடத்தில் கணக்கில் உதை, இங்கிலீஷில் உதை. அந்த ஒரு இடத்தில்தான் அவனுக்குத் தலைநிமிர்வு. அவனுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அந்த அரை நிமிஷம்தான் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது என் பங்கு வருகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. அண்ணன் பள்ளிக்கூடம் போய்விட்டான். அன்றைக்கு பேண்டு இல்லையாதலால் பெட்டி வீட்டில் இருந்தது. எனக்குக் காலில் ஏதோ வலி என்று அம்மா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. சீயக்காய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிவிட்டு, பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கடைக்காரர் வாசித்தது எவ்வளவு அழகாக இருந்தது என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"அம்மா, அவரு ஊதினா எப்படித் தெரியுமா? அண்ணன் ஊதறதெல்லாம் ஒண்ணுமே இல்ல."

"அவரு எதை ஊதினாரு?"

"இதைத்தான். ஊதிக் காட்டிட்டுத்தான் அண்ணன்கிட்ட குடுத்தாரு."

பின்னிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"வாயில வச்சா?"

"பின்னே, மூக்கிலயா வைப்பாங்க?" என்று நான் சிரித்தேன்.

"அதை அப்படியே இவனும் வாயில வச்சானா?"

"துணியால துடைச்சாரும்மா."

"துணியால துடைச்சா எச்சில் போயிருமாடி? யாரு என்னன்னு தெரியுமா? உங்கப்பா பக்கத்துல நின்னு பாத்துட்டுச் சும்மா இருந்தாரா?"

அம்மா கெட்டவள் இல்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நீங்கள் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுவீர்கள். எங்கள் வீட்டில் அப்பா குடித்த டம்ளரில் அம்மா குடிக்க மாட்டாள், நான் கடித்த கொய்யாவை அண்ணன் கடிக்கக் கூடாது. எச்சில் என்பது அவளுக்கு அவ்வளவு பெரிய விஷயம். ஆனால் அன்றைக்கு அவள் பயந்தது வெறும் எச்சிலுக்கு இல்லை. அது யாருடைய எச்சில் என்பதற்கு. அதுவும் உண்மைதான். அதையும் மறைப்பதற்கில்லை.

அண்டாவில் வெந்நீர் போட்டாள். பெட்டியைத் திறந்து ஐந்து துண்டுகளையும் எடுத்து அகன்ற பித்தளைத் தாம்பாளத்தில் வைத்தாள். மஞ்சள் கரைத்த வெந்நீரில் முங்க ஊறவைத்தாள். பிறகு சீயக்காய்த் தூள் போட்டு, துளைக்குள் எல்லாம் துணித் திரியை விட்டு இழுத்து இழுத்துக் கழுவினாள். வெள்ளைச் சாவிகளைச் சாம்பல் போட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். நான் செம்பால் தண்ணீர் ஊற்றினேன். எங்கள் வீட்டு வெள்ளிக் குங்குமச்சிமிழைக்கூட அவள் அத்தனை கவனமாகத் தேய்த்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கென்று வெயில் சுள்ளென்று அடித்தது. துவைக்கிற கல்லின் மேல் வெள்ளைத் துணி விரித்துக் காயவைத்தாள்.

"பாரு, எப்படிப் பளபளன்னு இருக்கு. இனிமே என் பிள்ளை தைரியமா வாயில வைக்கலாம்," என்றாள். அந்த முகத்தில் அவ்வளவு திருப்தி. பிறகு என்னைப் பார்த்து, "அண்ணன்கிட்டச் சொல்லாதே. கடைக்காரருக்குத் தெரிஞ்சா மனசு வருத்தப்படுவாரு," என்றாள். நான் தலையாட்டினேன்.

சாயங்காலம் அண்ணன் பெட்டியைத் திறந்தான். துண்டுகளைச் சேர்க்கும் இடத்திலிருந்த தக்கை உதிர்ந்தது. துளைகளை மூடும் தோல் வட்டங்கள் உப்பி, இரண்டு கீழே விழுந்தன. மேல் துண்டில் மயிரிழைபோல ஒரு விரிசல் நீளமாக ஓடியது. ஊதினான். வெறும் காற்றுதான் வந்தது.

"அம்மா, இதை யாராவது தொட்டீங்களா?"

"தூசியா இருந்துச்சு. துணியால துடைச்சேன்," என்றாள் அம்மா. அவள் குரல் எப்போதும்போல இருந்தது. கண் மட்டும் என்னிடம் வந்துவிட்டுப் போனது.

முந்தின நாள் ஏரிக்கரையில் அண்ணன் ஊதிக்கொண்டிருந்தபோது சாரல் பிடித்துக்கொண்டது. சட்டைக்குள் கிளாரினெட்டை மறைத்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறான். "நேத்து நனைஞ்சிருக்குமோ? கொஞ்சம்தான் நனைஞ்சுது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தோல் வட்டத்தை எச்சில் தொட்டு ஒட்டப் பார்த்தான். ஒட்டவில்லை. அன்று அவன் சாப்பிடவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. விரிசலைப் பார்த்துவிட்ட அப்பாவே அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன், என்னை யாரும் தடுக்கவில்லை. மரத்தடியில் கடைக்காரர் தகரப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். தலைமை ஆசிரியர் இருந்தார், பேண்டுப் பையன்கள் எல்லோரும் நின்றார்கள். கடைக்காரர் மேல் துண்டைக் கையில் எடுத்தார். விரிசலை நகத்தால் தடவிப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"மழையில விட்டுட்டானா?" என்று அப்பா கேட்டார். "உள்ளதைச் சொல்லுங்க. தாட்சண்யம் வேணாம்."

கடைக்காரர் அண்ணனைப் பார்த்தார். பிறகு ஒரு கணம் என்னைப் பார்த்தார். என் தலையும் அதே சீயக்காய் வாசனைதான் அடித்துக்கொண்டிருந்திருக்கும்.

"ஆமா சார்," என்றார். "மழைதான்."

அப்பா அண்ணனை அங்கேயே, அத்தனை பேர் எதிரில், குடையால் நாலு அடி அடித்தார். கடைக்காரர் எழுந்து, "வுடுங்க சார், வுடுங்க, மரம்தானே," என்று கையைப் பிடித்தார். தலைமை ஆசிரியர் விதியைச் சொன்னார். அண்ணன் அழவில்லை. "கொஞ்சம்தான் சார் நனைஞ்சுது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? நான் அம்மாவுக்குத் தலையாட்டியிருந்தேன். வாக்குக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நின்றேன். அந்த வயதில் அது பெரிய நேர்மையாகத் தோன்றியது.

அம்மா இரண்டு வாரம் தூங்காமல் கிடந்தாள் என்று சொல்லலாம். அண்ணனுக்குப் பிடித்த பலகாரமாகச் செய்து செய்து வைத்தாள், அவன் தின்றுவிட்டு எழுந்து போனான். பொருட்காட்சி வாசிப்புக்கு இரண்டு நாள் முன்னால், அப்பா ஆபீஸ் போனதும், அவள் புடவை மாற்றிக்கொண்டு, "வாடி," என்று என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். எங்கே என்று சொல்லவில்லை. சந்தைக்குப் பின்னால் அந்தக் கடை வாசலில் போய் நின்றாள். உள்ளே ஏறவில்லை.

கடைக்காரர் எழுந்து வாசலுக்கு வந்தார். அம்மா அன்னிய ஆணிடம் நின்று பேசி நான் அதுவரை பார்த்ததில்லை. தரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"மழை இல்லீங்க. நான்தான் கழுவினேன்."

"தெரியும்மா," என்றார். "சீயக்காய் வாசம் அன்னிக்கே தெரிஞ்சுது."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "தெரிஞ்சுமா மழைன்னு சொன்னீங்க? பிள்ளை அடி வாங்கினானே."

அவர் தோளில் கிடந்த துணியை எடுத்து மடித்தார்.

"அவ்ளோ பேர் எதிர்ல, இந்த வாத்தியத்தைக் கழுவிக் கீறாங்கன்னு சொன்னா, எதுக்குக் கழுவினாங்கன்னு ஒரு பையனாவது கேப்பான். அதுக்கு நான் அங்க உக்காந்துனு பதில் சொல்லணும். உங்களுக்காகச் சொல்லலம்மா. எனக்காகச் சொன்னேன். தம்பி மாட்டிக்கும்னு தெரிஞ்சுதான் சொன்னேன்."

அம்மாவின் கை என் கையை இறுக்கியது. வலித்தது.

"பேண்டுல அவனை மறுபடி சேத்துக்குவாங்களா?" என்று கேட்டாள்.

"ஏன் சேத்துக்க மாட்டாங்க? வேற கிளாரினெட் உள்ள கீது. நானே ஹெட்மாஸ்டராண்ட வந்து சொல்றேன், பையன் மேல தப்பில்லன்னு. அதுக்கு முந்தி நீங்க வீட்ல சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கழுவிட்டேன்னு சொன்னாப் போதும்."

"ஏன் கழுவினேன்னு கேப்பாரே," என்றாள் அம்மா.

கடைக்காரர் தெருவைப் பார்த்தார். சந்தையிலிருந்து வெற்றிலைக் கூடைகள் போய்க்கொண்டிருந்தன. அந்தக் கேள்விக்கான பதில் இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேராலும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. கடைசியில் அவர், "பொண்ணு வெயில்ல நிக்குது பாருங்க," என்றார். நாங்கள் திரும்பி வந்துவிட்டோம்.

அம்மா அப்பாவிடம் சொல்வாள் என்று அன்று இரவு முழுக்க எதிர்பார்த்தேன், மறுநாளும் எதிர்பார்த்தேன். சோறு பரிமாறும்போது இரண்டு தடவை, "ஏங்க," என்று ஆரம்பித்தாள். "என்ன?" என்றார் அப்பா. "மோர் ஊத்தட்டுமா?" என்றாள்.

பொருட்காட்சி மைதானத்தில் பேண்டு வாசித்தது. அப்பா எங்களை எல்லாம் கூட்டிப் போனார், அவருக்குக் கோபம் தீர்ந்துவிட்டிருந்தது. அண்ணன் வர மாட்டான் என்று நினைத்தேன், வந்தான். கடலை வாங்கிக் கொடுத்தார், தின்றான். அந்த இடம் வந்தபோது மற்ற ஊதும் வாத்தியங்கள் எல்லாம் நின்றன. கிளாரினெட் இல்லாததால் டிரில் மாஸ்டர் கையை உயர்த்தியபடியே காத்திருந்தார், மேளம் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தில் யாருக்கும் அங்கே ஒரு குறை இருப்பதாகத் தோன்றியிருக்காது. "இங்கதான் நான் வரணும்," என்று அண்ணன் என்னிடம் சொன்னான். சாதாரணமாகத்தான் சொன்னான், ரயில் இந்த இடத்தில் நிற்கும் என்பதுபோல. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

அடுத்த வருஷமும் கடைக்காரர் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியம் கொடுத்தார், அதற்கடுத்த வருஷமும் கொடுத்தார். அண்ணன் கேட்கவில்லை. அப்பா விரும்பியபடியே ரயில்வேயில் சேர்ந்தான். நல்ல உத்தியோகம், நல்ல பிள்ளைகள். இரவல் என்று யாரிடமும் ஒரு புத்தகம்கூட வாங்க மாட்டான். அப்படி ஒரு பழக்கம் அவனுக்கு எப்படி வந்தது என்று அண்ணி என்னிடம் ஒரு தடவை கேட்டாள், நான் தெரியாது என்றேன். அம்மா போகும்போதும் ஒன்றும் சொல்லாமலேதான் போனாள். அந்தக் கடை இருந்த இடத்தில் பிறகு பாத்திரக் கடை வந்தது.

சென்ற வருஷம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். எண்பதைத் தாண்டிவிட்டான், காது மந்தம். அவன் பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து வாசிக்கிற கீபோர்டு ஒன்றைக் கொண்டுவந்து தரையில் போட்டு வைத்திருந்தான். அண்ணன் அதைத் துண்டால் துடைத்து மேசை மேல் எடுத்து வைத்தான்.

"அடுத்தவங்க பொருள்டா கண்ணு. பத்திரமா வச்சுக்கணும். உன் வயசுல நான் ஒரு கிளாரினெட்டை மழையில நனைய விட்டுட்டேன். அவரு எவ்வளவு நம்பிக் குடுத்தாரு, நான் பாழ் பண்ணிட்டேன். ஏரிக்கரையில மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, எனக்கு ஊதற மும்முரத்துல தெரியவே இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினான். "வேணும்னா உங்க பாட்டியைக் கேளு. அவளுக்கு ஞாபகம் இருக்கும். இல்லையா?"

பேரன் என்னைப் பார்த்தான். அண்ணனும் பார்த்துக்கொண்டிருந்தான். எழுபது வருஷமாக அவன் கட்டிவைத்திருந்த மழை அது. நான் கொஞ்சம் சத்தமாகவே, அவன் காதில் விழும்படியாக, "ஆமாண்ணா, அன்னிக்கு நல்ல மழை," என்றேன்.